ரேஸ் ட்ராக்கில் ஓடிய காரா, இல்லையா? 2018 கேய்மன் ஒன்றை முன்வைத்து

ஈசிஆர்காத்து | ஜூன் 3, இரவு 9.50

2018 மாடல் போர்ஷே 718 கேய்மன், பிடிகே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 22,000 கி.மீ., சென்னை ரிஜிஸ்ட்ரேஷன். இரண்டாவது ஓனர் விற்கிறார். "ட்ராக் பக்கமே போனதில்லை" என்கிறார். டயர் நாலும் புதுசு, காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நிறம் மாறவில்லை, ஓட்டமும் குறைவு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் ட்ராக் ஓடாத வண்டி என்று முடிவு செய்யலாம்தானே?

எட்டாம்நம்பர் ஸ்பேனர் | ஜூன் 3, இரவு 10.35

மூன்றில் ஒன்றுகூட சாட்சிக் கூண்டில் நிற்காது.

புது டயர்: தேய்ந்த டயரோடு வந்திருந்தால் படிக்க ஏதாவது கிடைத்திருக்கும். புதுசு என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். நல்லெண்ணத்திலும் மாற்றியிருக்கலாம், தெரியாது.

காலிப்பர் நிறம்: சிவப்புக் காலிப்பர் சூடேறினால் முதலில் செங்கல் நிறம், அப்புறம் காபிக்கொட்டை நிறம். ஆனால் அந்தச் சிவப்பு 718 எஸ் மாடலுக்கு வருவது. நீங்க பார்ப்பது சாதா 718, அதன் காலிப்பர் கறுப்பு. கறுப்பு இன்னும் எங்கே போய்க் கறுக்கும்? அதில் பார்க்க வேண்டியது வெள்ளை எழுத்தை. டீ கறை மாதிரி பழுத்திருந்தால் நின்று யோசியுங்க.

ஓட்டம்: பெரிய ஏமாற்று இதுதான். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் ஒரு சுற்று 3.717 கி.மீ. ஒரு நாளில் 20 நிமிட செஷன் 5 என்று வைத்தால் மொத்தம் 100 நிமிடம். சுற்றுக்கு 2 நிமிடம் 15 விநாடி கணக்கில் 44 சுற்று, அதாவது 164 கி.மீ. பத்து ட்ராக் டே (சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்டும் நாள்) போனாலும் மீட்டரில் ஏறுவது 1,640 கி.மீ. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்புவதைவிடக் கொஞ்சம்தான் கூட.

கார் கழுவினால் போகிறவை உண்டு: ரப்பர், ஸ்டிக்கர், தூசி. போகாதது சூடு பட்ட இடம். அதைத் தேடுங்க, மற்றதெல்லாம் துணைக்கு.

எட்டாம்நம்பர் ஸ்பேனர் | ஜூன் 3, இரவு 11.20

"சூடு" என்று சும்மா எழுதிவிட்டேன், கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஆளோடும் பெட்ரோலோடும் 1,450 கிலோ என்று வைப்போம். ஊருக்குள் 50 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டியது சுமார் 0.14 மெகாஜூல். நீளமான நேர்பாதை முடிவில் 180-லிருந்து 80-க்கு இறக்கினால் 1.45 மெகாஜூல். பத்து மடங்கு. சிக்னலில் பிடித்த பிரேக்குக்கு ஆற நேரம் உண்டு. ட்ராக்கில் அடுத்த வளைவு அரை நிமிடத்தில் வந்து நிற்கும். டிஸ்க், பேட், காலிப்பர் ரப்பர், பிரேக் ஆயில், பக்கத்திலேயே இருக்கும் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையான பூட், சென்சார் வயர் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வேகின்றன.

பதினாறு வால்வு | ஜூன் 4, காலை 7.15

ஸ்பேனர் அண்ணன் சொன்ன சூட்டுக்கு முன்னாடி சுலபமான ஒன்று. டார்ச் எடுத்துப் பின் சக்கர வளைவுக்குள்ளே, அங்கே மாட்டிய பிளாஸ்டிக் உறையான லைனரின் மேல் விளிம்பு, திருகுத் தலைகள், பின் பம்பர் உள்பக்கம் இதெல்லாம் பாருங்க. ட்ராக்கில் டயரிலிருந்து உதிரும் ரப்பர் புழு மாதிரி சுருண்டு கிடக்கும். சூடான டயர் அதை அள்ளி உள்ளே வீசும். தண்ணீர் அடிக்கிற பையன் வெளியே அடிப்பான், உள் மூலைக்கு அடிக்க மாட்டான்.

தாரோடு குழப்பிக்காதீங்க. சென்னையில் புதுசா ரோடு போட்ட வாரத்தில் எல்லா வண்டியிலும் கறுப்புப் புள்ளி இருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் தார் கரைந்து பழுப்பாக வழியும். ரப்பர் கரையாது, நகத்தால் உரித்தால் துண்டாக வரும், இழுத்தால் நீளும்.

எட்டாம்நம்பர் ஸ்பேனர் | ஜூன் 4, காலை 8.40

டிஸ்க் பார்க்கும் முறை. வீலைக் கழற்றச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பேட் உரசும் முகத்தில் நீலம் தேடுவார்கள். அது பாதி வீண் வேலை. உரசும் முகத்தில் வந்த நீலத்தைப் பேட்டே நாலு நாளில் தேய்த்து எடுத்துவிடும். பேட் தொடாத இடத்தைப் பாருங்க: டிஸ்க்கின் நடுத் தொப்பி அடிப்பகுதி, வெளி விளிம்பு, இரண்டு முகங்களுக்கு நடுவில் இருக்கும் காற்றுக் கால்வாயின் ஓரம். தொப்பியில் பூசிய வெள்ளிப் பூச்சு வேருக்குப் பக்கத்தில் மட்டும் பழுப்பாகவோ சாம்பல் பூத்தோ இருந்தால், அந்த டிஸ்க் நன்றாக வெந்திருக்கிறது. பளபளப்பான இரும்பில் வைக்கோல் மஞ்சள் 220 டிகிரி வாக்கில் வரும், ஊதா 280, நீலம் 300. ட்ராக் டிஸ்க் இதையெல்லாம் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

718-இன் டிஸ்க் துளை போட்டது. துளையைச் சுற்றி முடி மாதிரி சின்ன விரிசல் இருப்பதை வைத்தே தீர்ப்பு சொல்ல வேண்டாம், வேகமாக ஓட்டிய ரோடு காரிலும் வரும். ஒரு துளையிலிருந்து கிளம்பிய கோடு அடுத்த துளையை எட்டிவிட்டாலோ, வெளி விளிம்பைத் தொட்டுவிட்டாலோ டிஸ்க் கதை முடிந்தது. நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாதது நகத்தில் தட்டும்.

தடிமன் அளக்க ஒரு வழி. தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் வரம்பு நிற்கும், வெர்னியரின் தாடை அந்த வரம்பில் உட்கார்ந்து தப்புக் கணக்கு காட்டும். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை எடுத்து ஆளுக்கொரு பக்கமாக உரசும் முகத்தில் வைத்து, நாணயத்தோடு சேர்த்து அளந்து, நாணயத்தின் தடிமனைக் கழியுங்க. குறைந்தபட்சத் தடிமன் தொப்பியிலேயே குத்தியிருக்கும்.

மஞ்சள்கொடி | ஜூன் 4, காலை 10.05

ஒரு திருத்தம். முன் டிஸ்க்குக்கு நீங்க சொன்னது சரி. பின் டிஸ்க்கின் தொப்பிக்குள்ளே இந்த வண்டியில் பார்க்கிங் பிரேக்கின் ட்ரம் ஷூ இருக்கிறது. ஷூ ஒட்டிக்கொண்டு உரசினாலும் தொப்பி வெந்து நிறம் மாறும். அதை ட்ராக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

எட்டாம்நம்பர் ஸ்பேனர் | ஜூன் 4, காலை 10.30

ஒப்புக்கொள்கிறேன். பிரிக்கிற வழி: ஷூ ஒட்டினால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வேகும். இரண்டு பின் தொப்பியும் ஒரே அளவில் நிறம் மாறி, முன் தொப்பிகளும் கூடவே மாறியிருந்தால் அது உரசல் இல்லை, ஓட்டம்.

இன்னொன்றும் விட்டுப்போனது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைக்காமல் ட்ராக்கில் விரட்டினால், வளைவில் வண்டியைப் பிடித்து நிறுத்த அது பின் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடும். அதனால் பின் பேட் முன் பேடுக்கு முன்னாடியே தீரும். ரோட்டில் ஓடும் காரில் வழக்கமாக முன் பேட்தான் முதலில் தீரும். வரிசை தலைகீழாக இருந்தால் கேள்வி கேளுங்க.

கொண்டைஊசி | ஜூன் 4, மதியம் 1.10

எல்லாம் சரி, கொல்லிமலையை மறந்துட்டீங்களே. 70 கொண்டை ஊசி வளைவு. ஆட்டோமேட்டிக்கை 'டி'யில் போட்டுவிட்டு, கீழே வரும் வரை பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்குகிற ஆட்கள் ஏராளம். அடிவாரத்தில் புகை வரும். அந்த டிஸ்க்கும் இதே நிறத்தில்தான் இருக்கும், ட்ராக் பார்த்திருக்காது.

எட்டாம்நம்பர் ஸ்பேனர் | ஜூன் 4, மதியம் 2.00

நல்ல எதிர்வாதம். இதனால்தான் ஒரே அடையாளத்தை வைத்து ஓடக் கூடாது. மலையிறங்கிய பிரேக் மெதுவாக, தொடர்ந்து வெந்தது. பேட் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கும், டிஸ்க்கில் விரிசல் குறைவு. ட்ராக் பிரேக் அடித்து அடித்து ஆறியது. சூடு, ஆறல், சூடு, ஆறல் என்று மாறி மாறி வருவதால்தான் இரும்பு விரிகிறது. தவிர மலையிறங்கிய வண்டியின் லைனரில் ரப்பர் புழு இருக்காது, டயரின் தோள் சுருண்டிருக்காது, பிரேக் ஆயில் நிப்பிளில் (பழைய ஆயிலை வெளியே விடும் திருகு) ஸ்பேனர் தழும்பு இருக்காது.

அந்த நிப்பிள் முக்கியம். இந்தக் காலிப்பரில் ஆளுக்கு இரண்டு நிப்பிள், உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் 2018 வண்டிக்கு இதுவரை மூன்று நாலு தடவை தொட்டிருப்பார்கள். அறுகோண முனைகள் மழுங்கி, ரப்பர் மூடி புதுசாக, சுற்றியுள்ள பூச்சு ஆயிலில் உரிந்து கிடந்தால் பத்துப் பதினைந்து தடவை திறந்திருக்கிறார்கள். காரணம்: சாதாரண டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அது 155. சென்னைக் காற்றில் ஈரம் ஏறுவதற்குச் சொல்லவா வேண்டும். கொதித்தால் பெடல் தரைக்குப் போய்விடும். ட்ராக் போகிறவர்கள் 300 டிகிரி தாண்டும் ரேஸ் ஆயில் ஊற்றி அடிக்கடி மாற்றுவார்கள்.

பதினாறு வால்வு | ஜூன் 4, மாலை 6.20

பேட் தேய்மானம் காட்டும் சென்சார் வயரையும் பாருங்க. அடிக்கடி பேட் மாற்றுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் சென்சார் வாங்க மாட்டார்கள். பேடில் மாட்டாமல் சுருட்டி கேபிள் டை போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். விற்கும்போது கம்பெனி பேடைத் திரும்ப மாட்டி, டையை வெட்ட மறந்துவிடுவார்கள். வெட்டியிருந்தாலும் வயரில் நெளிவு நிற்கும்.

ரவுண்டானா | ஜூன் 4, இரவு 8.45

டயர் பக்கம் யாரும் முழுசாக வரவில்லை. புது டயர் போட்டிருந்தாலும் பழைய செட் கேரேஜில் கிடக்கிறதா என்று கேளுங்க. கிடைத்தால் தங்கம்.

முன் டயரின் வெளித் தோள் மட்டும் தேய்ந்து, விளிம்பில் ரப்பர் சுருண்டு, பக்கச் சுவர் தொடங்கும் இடம்வரை உரசியிருந்தால் வளைவில் பிழிந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்றும் பாருங்க. டெல்லி பக்கத்து புத் சர்க்யூட் மாதிரி கடிகார முள் திசையில் ஓடும் ட்ராக்கில் வலது திருப்பம் அதிகம், சுமை இடது டயருக்கு. இடது முன் டயர் மற்றதைவிட முன்னாடியே போகும்.

டயர் தேதியும் படியுங்க. நாலு இலக்கம், 3523 என்றால் 2023-இன் 35-ஆவது வாரம். சர்வீஸ் பில்லில் இதுவரை எத்தனை செட் டயர் என்று எண்ணுங்க. 22,000 கி.மீ.க்குள் மூன்றாவது செட் ஓடுகிறது என்றால் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கொண்டைஊசி | ஜூன் 4, இரவு 9.10

நம் ஊர் ரவுண்டானாவும் கடிகாரத் திசைதான். அண்ணா நகர் ரவுண்டானாவைத் தினமும் விரட்டிச் சுற்றினாலும் இடது டயர்தான் போகும். உங்க பெயரே ரவுண்டானா, அதனால் கேட்கிறேன்.

ரவுண்டானா | ஜூன் 4, இரவு 9.14

அங்கே அந்த வேகத்துக்கு என்னை விடுகிற ஆட்டோக்காரரை முதலில் காட்டுங்க.

மஞ்சள்கொடி | ஜூன் 5, காலை 6.50

தோள் தேய்மானத்துக்குக் கூடவே அலைன்மென்ட் ரிப்போர்ட் வேண்டும். ட்ராக் ஆட்கள் முன் கேம்பரை, அதாவது சக்கரம் உள்பக்கம் சாயும் கோணத்தை, அதிகம் வைப்பார்கள், தோள் தப்பிக்கட்டும் என்று. இந்த வண்டியில் கம்பெனி பாகங்களோடு −2 டிகிரி எட்டுவது கஷ்டம். ரிப்போர்ட் அதைத் தாண்டிக் காட்டினால் சஸ்பென்ஷனின் கீழ்க் கையோ ஸ்ட்ரட் மேல் தட்டோ மாறியிருக்கிறது. கேம்பர் அதிகமாக வைத்து ரோட்டிலும் ஓட்டினால் உள் தோள் தேயும். ஆக உள் தோள் தேய்ந்திருந்தால் "ட்ராக் இல்லை" என்று நினைத்துவிடாதீங்க, அது கெட்டிக்கார ட்ராக் ஆளாக இருக்கலாம்.

சென்னையில் இன்னொரு வசதி உண்டு, கடற்காற்று. ஈசிஆர் பக்கம் நிற்கும் வண்டியில் அடிபாகத்து போல்ட் எல்லாம் ஒரே சீராகத் துரு பூக்கும். அதில் நாலு போல்ட் மட்டும் பளிச்சென்று இருந்தால், அல்லது பெயின்ட் மார்க்கர் கோடு தலையில் ஒரு திசையும் தகட்டில் ஒரு திசையும் பார்த்தால், அங்கே கை வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று கேளுங்க. விடை சாதாரணமாகவும் இருக்கலாம்.

ஈசிஆர்காத்து | ஜூன் 5, காலை 9.30

இவ்வளவும் லிஃப்டில் ஏற்றினால்தான் தெரியும் போல. உள்ளே, கேபினில் ஏதாவது?

பதினாறு வால்வு | ஜூன் 5, காலை 10.40

உண்டு, ஆனால் எல்லாம் பலவீனமான சாட்சி. ஓட்டுநர் தலைக்கு மேல் கூரைத் துணியிலும் கதவுக்குப் பின் தூணிலும் ஹெல்மெட் உரசிய தடம். இந்த வகைக் கார்களில் கூரை தாழ்வு, ஆறடி ஆள் ஹெல்மெட் போட்டால் உரசும். வலது முழங்கால் கதவுப் பலகையிலும் இடது முழங்கால் நடுக் கன்சோலிலும் ஊன்றி மினுங்கிய இடம். சீட் தண்டவாளத்தில் தீயணைப்பான் மாட்டிய துளை. சீட் போல்டைக் கழற்றிய தழும்பு, பக்கெட் சீட் போட்டு எடுத்திருக்கலாம். கண்ணாடியில் கேமரா சக்கர் வட்டம்: காலையில் உள்பக்கம் ஆவி ஊதினால் தெரியும். கதவில் நம்பர் ஒட்டி எடுத்த இடத்தில் வெயில் படாத பெயின்ட் ஒரு வட்டமாக நிழல் காட்டும். பாலிஷ் போட்டால் போய்விடும், சாய்வான ஒளியில் பார்த்தால் சில சமயம் மிஞ்சும்.

சுற்று நேரம் அளக்கும் ஸ்போர்ட் க்ரோனோ வசதி இருந்தால் திரையில் சேமித்த லேப் நேரம் இருக்கிறதா பாருங்க. நேவிகேஷனில் கடைசியாகப் போன இடங்களையும் பாருங்க. காரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறவர் இதைக் கழுவ மறப்பார்.

முன் பம்பரில் டோ ஹுக் (வண்டியை இழுக்க மாட்டும் கொக்கி) மூடியும். உள் நாக்கு உடைந்து, மூடி ஒட்டுப் போட்டு நின்றால், ஹுக் அடிக்கடி மாட்டியிருக்கிறார்கள்.

கொண்டைஊசி | ஜூன் 5, மதியம் 12.15

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எத்தனை வண்டியை ஃப்ளாட்பெட்டில் ஏற்றினார்கள்? டோ ஹுக் மாட்டிய தடம் அதற்கும் வரும்.

மஞ்சள்கொடி | ஜூன் 5, மதியம் 12.40

அது உண்மையானால் ட்ராக்கை விட மோசமான செய்தி. ட்ராக் ஓடிய காரின் தேய்ந்த பாகத்தை மாற்றலாம், வெள்ளம் குடித்த காரின் வயரிங் மாலையை யார் மாற்றுவது? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து விடுங்க. கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் எழுந்து வந்துவிடுங்க. சீட் தண்டவாளத்தின் அடித் துரு, கார்பெட்டுக்குக் கீழே வண்டல், மூட்டை மூட்டையாக வாசனைத் திரவியம், இதெல்லாம் அந்தக் கணக்கு. தலைப்பிலிருந்து விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

எட்டாம்நம்பர் ஸ்பேனர் | ஜூன் 5, இரவு 9.00

இப்போது எஞ்சின். போர்ஷே கன்ட்ரோல் யூனிட் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) எல்லை தாண்டியதை ஆறு வரம்புகளாகப் பிரித்து எண்ணி வைக்கும். ஒவ்வொரு வரம்பிலும் எத்தனை தீப்பொறி, கடைசியாக எஞ்சின் எத்தனையாவது மணிநேரத்தில் ஓடும்போது என்று பதிவு இருக்கும். கம்பெனியின் பிவிஸ் சோதனைக் கருவியில் இந்த ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லுங்க. 1 முதல் 3 வரை என்பது சிவப்புக் கோட்டை உரசியது. 4 முதல் 6 வரை என்பது எஞ்சினை அதன் சக்திக்கு மேல் யாரோ இழுத்தது, பெரும்பாலும் மானுவல் கியரில் மேலே போட வேண்டியதைக் கீழே போட்டது.

எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், பயப்படாதீங்க. 7,500 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 375 தீப்பொறி. 750 என்று இருந்தால் மொத்தமே இரண்டு விநாடி.

ரவுண்டானா | ஜூன் 5, இரவு 9.25

375 ஆறு சிலிண்டர் கணக்கு. இது நாலு சிலிண்டர் 2 லிட்டர் டர்போ. 7,500-ஐ 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 125 சுற்று, சுற்றுக்கு இரண்டு பொறி, ஆக 250. உங்க 750 மூன்று விநாடி.

எட்டாம்நம்பர் ஸ்பேனர் | ஜூன் 5, இரவு 9.40

சரி, 250. பழைய 911 ஞாபகத்தில் எழுதிவிட்டேன்.

அதோடு இது பிடிகே வண்டி என்பதையும் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தப்பான கீழ் கியரைக் கேட்டால் பிடிகே மறுத்துவிடும். அதனால் 4-க்கு மேல் எதுவுமே இல்லாத ரிப்போர்ட் பிடிகேயில் நல்ல சான்றிதழ் ஆகாது, ட்ராக்கில் நாள் முழுக்க ஓடினாலும் அப்படித்தான் இருக்கும். இந்த ரிப்போர்ட்டில் உங்களுக்கு உண்மையில் உதவுவது மணிநேரக் கணக்கு. 22,000 கி.மீ.யை மணியால் வகுங்க. 900 மணி என்றால் சராசரி 24 கி.மீ., சென்னை நெரிசலில் ஊர்ந்த வண்டி. 400 மணி என்றால் 55, நெடுஞ்சாலை வண்டி. 1,500 மணி என்று வந்தால் சராசரி 15க்கும் கீழே. அப்படி ஓட்டினாரா, அல்லது மீட்டரைக் குறைத்தார்களா என்று பாருங்க. ட்ராக்கை இந்தச் சராசரி காட்டாது. பத்து ட்ராக் டே சேர்ந்தாலே 17 மணிநேரம்தான், 900-இல் கரைந்துவிடும்.

பதினாறு வால்வு | ஜூன் 6, காலை 7.30

பாஸ்டேக் கணக்கு எடுத்துப் பார்க்கலாமே என்று ஒருவர் தனியாகக் கேட்டார். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்குப் போயிருந்தால் டோல் வரிசையாகத் தெரியுமே என்று. காசு உள்ள ட்ராக் ஆள் வண்டியை ஃப்ளாட்பெட்டில் ஏற்றிக்கொண்டு போவார். டோல் லாரிக்கு.

அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே விழுந்த கற்களையும் பாருங்க. நம் ரோட்டுக் கல் உடைத்த கருங்கல் ஜல்லி, முனை கூர்மையாக இருக்கும். ட்ராக்கின் ஓரத்துப் படுகையில் கொட்டுவது உருண்டைக் கூழாங்கல். உருண்டைக் கல் கிடைத்தால் வண்டி ட்ராக்கை விட்டே வெளியே போயிருக்கிறது.

மஞ்சள்கொடி | ஜூன் 6, காலை 8.10

எல்லா ட்ராக்கிலும் கூழாங்கல் படுகை இருக்காது, பல வளைவுகளுக்கு வெளியே வெறும் மண்ணும் புல்லும்தான். கல் இல்லை என்பதால் நிம்மதி கொள்ள வேண்டாம். முன் பக்க ஓட்டைகளுக்குப் பின்னால் உள்ள ரேடியேட்டரில் காய்ந்த புல் அடைத்திருந்தால் ஒரு வார்த்தை கேளுங்க. வேப்பிலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தால் அது தெருவில் நிறுத்துகிற வண்டி.

ஈசிஆர்காத்து | ஜூன் 7, இரவு 10.20

இன்று லிஃப்டில் ஏற்றினோம். கண்டது: முன் டிஸ்க் இரண்டும் புதுசு, பேடும் புதுசு. பின் டிஸ்க் பழையது, தொப்பி இரண்டும் வேர்ப்பக்கம் பழுப்பு, துளையில் முடி விரிசல், எதுவும் துளைக்குத் துளை சேரவில்லை. பின் சென்சார் வயரில் நெளிவு. லைனரில் நாலைந்து ரப்பர் துண்டு, மண்ணெண்ணெயில் கரையவில்லை. பால் ஜாயின்ட் பூட் சரி. வரம்பு 1, 2-இல் எண்ணிக்கை இருக்கிறது, மேலே ஒன்றுமில்லை. சராசரி 31. பிரேக் ஆயில் பில் 2022, 2023 இரண்டு வருடத்தில் ஐந்து. எஞ்சின் ஆயில் ஒவ்வொரு 5,000 கி.மீ.க்கும்.

விற்பவரிடம் பில்லைக் காட்டிக் கேட்டதும், "முதல் ஓனர் நாலைந்து தடவை போயிருப்பார்" என்றார்.

எட்டாம்நம்பர் ஸ்பேனர் | ஜூன் 7, இரவு 11.00

ஒன்றோடொன்று பொருந்துகிற சாட்சிகள் இவை. ட்ராக் ஓடிய வண்டிதான். முதல் ஓனரா இரண்டாமவரா என்பது அந்த ஐந்து பில்லின் பெயரில் இருக்கும், பாருங்க.

இதற்காக வண்டியை விட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 5,000 கி.மீ.க்கு ஆயில் மாற்றி, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பிரேக் ஆயில் மாற்றியவர் வண்டியைத் தெரிந்து ஓட்டியவர். சர்வீஸ் சென்டரின் வருடக் கெடுவுக்கு மட்டும் காத்திருந்து, மற்ற நாள் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த நிமிடமே மிதிக்கிறவரின் காரைவிட இந்த எஞ்சின் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு உறுத்துவது "ட்ராக் பக்கமே போனதில்லை" என்ற வார்த்தைதான். அதைச் சொன்னவர் வேறு எதைச் சொல்லவில்லை என்று தேட வேண்டியிருக்கிறது.

விலை பேசும்போது பட்டியலில் சேர்க்க வேண்டியவை: பின் டிஸ்க், பின் பேட், நாலு காலிப்பரின் பிஸ்டன் தூசி ரப்பர். வெந்த ரப்பர் கடினமாகி, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி வெடிக்கும். பிடிகே ஆயில் மாற்றிய பில் இல்லையென்றால் அதையும் சேருங்க. சக்கர பேரிங் சத்தம் 60-லிருந்து 80 கி.மீ.யில் ஜன்னலை ஏற்றி, ரேடியோவை அணைத்துக் கேளுங்க. மெதுவாக இடது, வலது என்று சாயும்போது ஒரு பக்கம் மட்டும் உறுமல் கூடினால், சுமை ஏறிய பக்கத்து பேரிங்.

ரவுண்டானா | ஜூன் 8, காலை 7.00

இன்னொன்று, வாங்கியபின் நீங்களும் ட்ராக் போகிற எண்ணம் இருந்தால்: நம் ஊர் மோட்டார் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்ற பகுதியைப் படியுங்க. ஒழுங்கமைத்த பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கு. சுவரில் வைத்தால் செலவு உங்க பாக்கெட்டில்.

ஈசிஆர்காத்து | ஜூன் 8, காலை 9.15

ஐந்து பில்லில் மூன்று இரண்டாவது ஓனர் பெயரில். கேட்டேன். "அது தம்பி எடுத்துட்டுப் போனது" என்கிறார்.

கொண்டைஊசி | ஜூன் 8, காலை 9.22

தம்பியின் பழைய டயர் செட் எங்கே கிடக்கிறது என்று கேளுங்க.